அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஒலிப்பதிவு அறை: நாலாம் ஐந்தாம் வகுப்பு இதழ் போட்ட கதை

போன வெள்ளிக்கிழமை, கடைசி மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் வகுப்பு இதழ் கைக்கு வந்தது. ஏ4 தாளை நடுவில் மடித்த அளவு, எட்டுப் பக்கம், 40 பிரதி. இரண்டாம் பக்கம் தலைகீழாக இல்லை. அது ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்பது கடைசியில் வரும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் மூன்று வரை ஹெச்.எம். பார்த்துக்கொள்கிறார். நாலும் ஐந்தும் என்னிடம். இரண்டும் சேர்த்து 17 பிள்ளைகள், ஒரே அறை. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டக் கணக்கில் அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலையிலும் ஆள் உண்டு. வாசிப்பு ஓரளவு ஓடிவிடும். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால்தான் அறை அமைதியாகிவிடும்.

ஜூலையில் ‘எங்கள் வீட்டு விலங்கு’ என்று தலைப்புக் கொடுத்தேன். 17 நோட்டு திருத்தினேன். 14 நோட்டில் முதல் வரி, “பசு ஒரு வீட்டு விலங்கு.” இரண்டாவது வரி, “பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு.” பசுவே இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் எழுதியிருந்தது. ஒரு பையன் ஒன்றுமே எழுதவில்லை. அவன் வீட்டில் ஆறு ஆடு. “ஏன்டா தம்பி, உங்க வீட்டு ஆட்டப் பத்தி எழுத வேண்டியதுதானே?” என்றேன். எழுந்து நின்று, ராத்திரி ஆடு குட்டி போட்டதைப் பத்து நிமிடம் சொன்னான். இரண்டாவது குட்டிக்குக் கால் முதலில் வந்ததாம். அவன் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இழுத்தாராம். அறையே வாய் பிளந்து கேட்டது. “இதையே எழுது” என்றேன். உட்கார்ந்து, “ஆடு ஒரு வீட்டு விலங்கு” என்று எழுதினான்.

இந்த ஒரு வரியை நேராக்கத்தான் நாலரை மாதம் ஆனது.

முதலில் வகுப்பறைத் திரையில் படம் காட்டி எழுதச் சொன்னேன். சந்தை, மழை, திருவிழா. இரண்டு வாரம் போனது. கிடைத்ததெல்லாம் “படத்தில் மரம் உள்ளது, படத்தில் ஒரு சிறுவன் உள்ளான்” ரகம். படத்தில் இருப்பதை எண்ணி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

அடுத்து, நானே ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்தது: செல்போன் கீபோர்டில் இருக்கிற மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் தட்டிவிடும் அல்லவா? பிள்ளைகளுக்குப் பேச வருகிறது, எழுதத்தான் வரவில்லை, நடுவில் இந்தப் பாலத்தைப் போடுவோம் என்று கணக்குப் போட்டேன். ஆட்டுக்காரனைத்தான் முதலில் பேச வைத்தேன். “எங்க செனையாடு” என்றான். திரையில் “எங்க சேனை யாரு” என்று வந்தது. ‘சீம்பால்’ ‘சீன் பால்’ ஆனது. ‘அப்பாயி’ ஒரு தடவை ‘அப்பா ஏய்’, இன்னொரு தடவை ‘அப்பாய்’. ஓட்டுக் கூரை, பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்புப் பாட்டு, சிக்னல் ஒரு கோடு. எல்லாம் சேர்ந்து படுத்தியது. முற்றுப்புள்ளி என்ற பேச்சே இல்லை.

பிழைகளைக்கூட விட்டுவிடலாம், திருத்திக்கொள்ள முடியும். விபரீதம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு பெண் பிள்ளையிடம் நோட்டை எடுக்கச் சொன்னேன். “அதான் எழுதியாச்சே டீச்சர்” என்றாள். யார் எழுதியது என்று கேட்டேன். “போனு” என்றாள். அதோடு அதை நிறுத்தினேன்.

சரியான வழி கிடைத்தது தற்செயல்தான். நிறுத்துவதற்கு முந்தின நாள், சிக்னல் வராததால் ஆட்டுக்காரன் பேசினதை வெறும் ஒலிப்பதிவாக எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டில் தட்டிக்கொள்ளலாம் என்று எண்ணம். மறுநாள் அழிக்கப் போகும்போது அவன் பார்த்துவிட்டான். “ஒரு வாட்டி போடுங்க டீச்சர்” என்றான். போட்டேன். முதலில் சிரித்தான். இரண்டாம் தடவை கேட்கும்போது முகம் மாறியது. “நடுவுல ஒண்ண விட்டுட்டேன். லைட்டு இல்லாம அப்பா டார்ச்சப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அதச் சொல்லல” என்றான். நோட்டை எடுத்து, அந்த டார்ச் லைட்டை மட்டும் ஒரு வரியாக எழுதினான். வீட்டு விலங்கு வரிசையில் வராத முதல் வரி அதுதான்.

அதிலிருந்து திட்டம் இப்படி மாறியது: பேசு, பதிவு செய், கேள், நிறுத்து, எழுது.

கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. என் போன், ஹெச்.எம்.மின் பழைய போன், பள்ளி டேப்லெட். மூன்றிலும் ஏற்கெனவே இருந்த ரெக்கார்டர் செயலியே போதும். இயர்போன் மூன்று, ஒன்று 90 ரூபாய். ஒரு பதிவை இரண்டு பேர் சேர்ந்து கேட்க ஒய் வடிவ இணைப்பான் ஒன்று, 60 ரூபாய். ஆரம்பத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். ஒருவன் பேச்சை மற்ற 16 பேரும் திருப்பிச் சொல்லிக் கேலி செய்ததில் இரண்டு பிள்ளைகள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இயர்போனை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

பேசுவதற்கு அமைதியான இடம் தேடினேன். வராண்டாவில் டவுன் பஸ் ஹாரன். வேப்பமரத்தடியில் காற்று இரைச்சல். ஹெச்.எம். அறையில் எதிரொலி. கடைசியில் சத்துணவு ஸ்டோர்தான் கைகொடுத்தது. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் மூன்று பக்கமும் அடுக்கியிருந்ததால் எதிரொலி சுத்தமாக இல்லை. குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல விழுந்தது. சத்துணவு அமைப்பாளர் அக்கா, “மூட்ட மேல யாரும் ஏறக் கூடாது” என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார். சாதம் வடிக்கும் நேரத்தில் போனால் பாத்திரச் சத்தம். அதனால் காலை உணவு முடிந்ததும் பத்து மணிக்குள் மூன்று பேர், அவ்வளவுதான்.

அளவு பற்றி ஒன்று. முதலில் மூன்று நிமிடம் பேசவிட்டேன். ஒரு வாக்கியம் கேட்டு, நிறுத்தி, எழுதி, திரும்பக் கேட்டு என்று போனதில் ஒரு கட்டுரைக்கு மூன்று நாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஒன்றரை நிமிடமாக்கினேன். அதுவும் அதிகம். 45 நொடியில் வந்து நின்றது. வேகத்தை 0.75-க்குக் குறைத்தால் மெதுவாக எழுதுகிற பிள்ளையும் ஒரு பாடவேளையில் முடித்துவிடும். இன்னொரு முட்டாள்தனம்: முதல் வாரம் கோப்புக்குப் பெயர் வைக்கவில்லை. மூன்று கருவியிலும் தேதியும் எண்ணுமாக 20 பதிவு கிடந்தது. எது யாருடையது என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். இப்போது பேசும் முன் பெயரையும் வகுப்பையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

45 நொடிக்குள் அறுபது எழுபது சொல் விழுந்துவிடுகிறது. அதில் பாதி ‘அப்புறம்’. ஆட்டுக்காரன் பதிவைக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு ‘அப்புற’த்துக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வை என்றேன். 14 கொட்டை. அவனுக்கே வெட்கம். “எதெத எடுத்துட்டாலும் கத புரியும்?” என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் கொட்டையைத் தள்ளிக்கொண்டே வந்தான். மூன்று மிச்சம். அந்த மூன்றையும் பிடிவாதமாக வைத்துக்கொண்டான். படித்துப் பார்த்தால் மூன்றும் தேவையான இடத்தில்தான் இருந்தன. கட்டுரையைச் சுருக்குவதைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்தது எதுவும் இந்த அளவுக்கு ஏறினதில்லை. இப்போது வகுப்பில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருக்கிறது.

பேச்சுத்தமிழை என்ன செய்வது என்பதில் தடுமாறினேன். ‘போட்டுச்சு’ என்று கேட்டதை ‘போட்டுச்சு’ என்றே எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ‘ஈன்றது’ என்று திருத்தினால் மறுபடியும் பசுவுக்கு நான்கு கால்கள். அப்படியே விட்டால் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் மாட்டிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு விதி வைத்தேன். ஆள் பேசுவது மேற்கோள் குறிக்குள், பேசினபடியே. மற்றதெல்லாம் புத்தகத் தமிழ், ஆனால் அவரவருக்குத் தெரிந்த சொல்லில். ‘குட்டி போட்டது’ போதும், ‘ஈன்றது’ வேண்டாம். பையன் எழுதினது இது:

“அப்பா டார்ச் லைட்டைப் பிடித்தார். அப்பாயி கையில் நல்லெண்ணெய் தடவியது. ‘அசையாதடி ஆத்தா’ என்று ஆட்டிடம் சொன்னது. அப்புறம் இழுத்தது. குட்டி தும்மியது.”

அப்பாயி ‘தடவினார்’ என்று வர வேண்டாமா என்று ஹெச்.எம். கேட்டார். வீட்டில் அவன் அப்படித்தான் சொல்வான், ‘அப்பாயி வந்துச்சு’ என்று. அதில் மரியாதைக் குறைவு இல்லை. விட்டுவிட்டேன். இதில் எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்லை.

திருத்தும்போது சிவப்பு மையால் அடிப்பதை நிறுத்தினேன். ஒரு வரியில் எத்தனை பிழையோ அத்தனை புள்ளி, ஓரத்தில் பென்சிலால். எங்கே என்று அவர்களே தேட வேண்டும். ர, ற குழப்பத்தைப் பாதிப் பேர் இப்படியே பிடித்துவிடுகிறார்கள். ல, ள, ழ அப்படி வராது. எங்கள் பக்கம் மழையையும் பழத்தையும் ‘ள’வில்தான் சொல்வார்கள். காதில் கேட்காத ஒன்றைக் கேட்டு எழுது என்றால் எப்படி வரும்? இந்த இடத்தில் ஒலிப்பதிவு ஒரு உதவியும் செய்யாது. ‘ழ’ வரும் சொற்களைச் சுவரில் தனிப்பட்டியலாக ஒட்டிவிட்டேன்.

ஒரு பெண் பிள்ளைக்கு இந்த முறை சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஸ்டோருக்குள் போனால் போனையே பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்று தடவையும் பதிவில் இருந்தது மூச்சுச் சத்தம்தான். நாலாம் தடவை நான் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளாக ஒரு தாளை நீட்டினாள். வீட்டுக் கொல்லைப் பப்பாளி மரம் காற்றில் ஒடிந்ததைப் பற்றி ஆறு வரி. அதை அவள் வாசிக்கப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, அவளே இரண்டு வரியை மாற்றினாள். எல்லாருக்கும் பேச்சு முதலில், எழுத்து பிறகு என்று நான் போட்ட வரிசை அவளுக்குத் தலைகீழ். பதிவே வேண்டாம் என்பவர்களை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தட்டச்சு. என் அக்கா மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி செத்துவிட்டது, செருகினால்தான் ஓடும். அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது அவள்தான். முதலில் ‘ammaa’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘அம்மா’ வரும் முறையை வைத்தேன். அரைமணி நேரத்தில் கைவிட்டேன். தமிழில் எழுதத் தெரிந்த பிள்ளையை ஆங்கில எழுத்துக்கூட்டல் தேட வைப்பது என்ன நியாயம்?

தமிழ்99-க்கு மாற்றினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ‘க’ தட்டி ‘ஆ’ தட்டினால் ‘கா’. இது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த உயிர்மெய்க் கணக்கு என்பதால் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. இரண்டு ‘ம’ அடுத்தடுத்து வந்தால் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். ‘பந்து’வும் அப்படித்தான், ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்ததும் ‘ந’ புள்ளி வைத்துக்கொள்ளும். புள்ளி தானாக விழுவதைப் பார்க்கவே வரிசையில் நின்றார்கள்.

பப்பாளிக்காரிதான் முதலில் சிக்கினாள். ‘பப்பாளி’ என்று தட்டினால் முதல் ‘ப’வுக்கே புள்ளி விழுந்து ‘ப்ப’ என்று தொடங்குகிறது. எனக்கும் தெரியவில்லை. அன்று இரவு தேடிப் பார்த்துத்தான் புரிந்தது: முதல் ‘ப’வுக்குப் பிறகு ‘அ’ ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ப, அ, ப, ப, ஆ, ள, இ. மறுநாள் அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் சந்தேகம் வந்தால் யாரும் என்னிடம் வருவதில்லை, அவளிடம்தான் போகிறார்கள்.

விசைகளில் ஒட்டத் தமிழ் எழுத்துகளை ஏ4 ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து வெட்டினேன், தாள் 10 ரூபாய். பத்தே நாளில் ‘க’வும் ‘த’வும் வியர்வையில் அழிந்துவிட்டன. புதிதாக ஒட்டி, மேலே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட்டிங் அடித்தேன். பாட்டில் 35 ரூபாய். ஆறு வாரமாக நிற்கிறது. முதல் நாள் ஒரு வரிக்கு 20 நிமிடம் ஆனது. ஒரு மாதத்தில் அதே நேரத்தில் நாலு வரி. ஒருநாள் கரண்ட் போய், மூன்று பிள்ளைகளின் வேலை மொத்தமும் போனது. ஒருத்தி அழுதேவிட்டாள். அன்றைக்குத்தான் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாக்கினேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று. ஆட்டுக்காரன் வீட்டில் கட்டுரையை நல்ல எழுத்தில் எழுதி வந்தபோது ‘தலை’யில் இருந்த ‘லை’ பழைய வடிவில், முன்னால் யானைத் துதிக்கைபோல வளைவு போட்டு இருந்தது. அப்பாயி எழுதிக் காட்டியதாம். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை பள்ளிப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. அவர் படித்த காலம் அது. தப்பில்லை என்று வகுப்பில் எல்லாருக்கும் காட்டினேன். தட்டும்போது கணினி புது ‘லை’யைத்தான் கொடுத்தது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சடித்த தாளில் அந்த ஒரு எழுத்தை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து, கறுப்பு ஜெல் பேனாவால் அவனே துதிக்கை வரைந்தான். ஜெராக்ஸில் கச்சிதமாக விழுந்திருக்கிறது.

பக்கக் கணக்கு: முதல் பக்கம் அட்டை, எட்டாம் பக்கத்தில் பெயர்கள். நடுவில் ஆறு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் தலைப்போடு எட்டு வரி. 17 கட்டுரை போக ஓர் இடம் மிச்சம், அதில் ஆட்டுக்குட்டிப் படம். எழுத்தளவு 14 பாயின்ட். 12 வைத்துப் பார்த்தேன், ‘ணு’வும் ‘னு’வும் ஜெராக்ஸில் ஒன்றுபோலத் தெரிந்தன.

இரண்டு தாள், நாலு முகம். ஒரு முகத்தில் 8-ம் 1-ம், அதன் பின்னால் 2-ம் 7-ம். அடுத்த தாளில் 6-ம் 3-ம், பின்னால் 4-ம் 5-ம். கணினியே ‘புரோஷர்’ தெரிவில் இதை அடுக்கிக் கொடுத்துவிடும். நாலு முகத்தையும் அச்சடிக்க 20 ரூபாய். அதைக் கடையில் கொடுத்து, “பின்னும் முன்னும் 40 காப்பி” என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். அங்கேதான் தப்பு. படுக்கை வசமாக இருக்கும் தாளைக் குறுகிய ஓரத்தை வைத்துப் புரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வழக்கம்போல நீள ஓரத்தில் புரட்டி அடித்துவிட்டார்கள். முதல் பக்கத்தைத் திருப்பினால் இரண்டாம் பக்கத்தின் இடத்தில் ஏழாம் பக்கம், இரண்டும் தலைகீழ். 160 ரூபாய் போச்சு. பிள்ளைகள் அதையும் விடவில்லை, இதழைச் சுற்றிச் சுற்றிப் படித்துச் சிரித்தார்கள். மறுமுறை இரண்டு வெள்ளைத்தாளை மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டு மாதிரி செய்துகொண்டு போனேன். முதல் காப்பியை மடித்துப் பார்த்த பிறகுதான் மற்ற 39. இன்னொரு 160.

ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரை எட்டவில்லை. சத்துணவு அக்கா சாக்குத் தைக்கிற கோணி ஊசியைக் கொடுத்தார். மூன்று ஓட்டை போட்டு, பத்து ரூபாய் வெள்ளை நூலில் கட்டினோம். முடிச்சு வெளிப்பக்கம் வந்தால் நூல் சீக்கிரம் அறுந்துவிடுகிறது, உள்பக்கம் வர வேண்டும்.

இயர்போனில் தொடங்கி நூல் வரை மொத்தம் 735 ரூபாய், இரண்டாம் ஸ்டிக்கர் தாளையும் வீணான காப்பியையும் சேர்த்து. அடுத்த இதழுக்கு 200-க்குள் முடிந்துவிடும்.

அடுத்த முறை மாற்றப்போவது: எல்லாரும் தட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். நாலு கட்டுரையாவது பிள்ளைகளின் கையெழுத்திலேயே ஜெராக்ஸ் ஆகட்டும், துதிக்கை ‘லை’ எனக்கு அதைத்தான் காட்டியது. தலைப்பை நான் கொடுக்க மாட்டேன். பதிவை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வைப்பேன். தினமும் வைத்ததில் கணக்குப் பாடம் பின்தங்கி, காலாண்டில் தெரிந்துவிட்டது.

இரண்டாம் இதழுக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பப்பாளிக்காரி, தான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள், போனைத் தன் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே நிற்க வேண்டுமாம். திங்கள்கிழமை தொடங்கலாம் என்றிருந்தேன். ஸ்டோரில் இப்போது நாலே மூட்டைதான் இருக்கிறது, எதிரொலி அடிக்கும். அரிசி லோடு புதன்கிழமை வருகிறது என்று அக்கா சொன்னார். வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டேன்.